ஆனியிலேயே போய்விட்ட மாரிட்

அநீதி இழைக்கப்பட்டவர், நார்வே நாட்டைச் சேர்ந்த மாரிட் என்ற பிசியோதெரபிஸ்ட். இழைக்கப்பட்ட அநீதி, அவரை மாலை, பொன்னாடை, மைக்செட், மதிய விருந்து சகிதம் கண்ணீர் மல்க வழியனுப்பி வைத்தது.

இதில் என்ன அநீதி என்று கேட்பீர்கள். அவர் போகவில்லை. அதுதான் அநீதி. அவருடைய விமானம் ஆடிக் கடைசியில். வழியனுப்பியது ஆனியில்.

இதை ஒரு புகாராகத்தான் நான் எழுதத் தொடங்கினேன். புகார் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன்; விடுதிக் குழம்பில் தொடங்கி நூலகக் கழிப்பறைத் தாழ்ப்பாள் வரைக்கும் நான் எழுதாத புகார் இல்லை. "லோகப்பிரியா, உனக்கு வாதாட ஆள் கிடைக்கலைன்னா கண்ணாடி முன்னாடி நின்னுக்குவே" என்று துறைத்தலைவரே சொல்லியிருக்கிறார். களப்பணிக்காக என்னை 'எழுந்து நட மறுவாழ்வு மைய'த்துக்கு அனுப்பியதும் அவர்தான். ஒரு பருவம் முழுக்க நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

மையம் சூலூருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருக்கிறது. கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கும் இடம். மாரிட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பது என் பணி என்று சொன்னார்கள். முதல் நாள் காலையிலேயே அந்தப் பணி காலியாகிவிட்டது. மாரிட் என்னைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசினார். குறுக்கே வந்த நாயைக்கூட "அக்கட்டப் போங்க" என்றுதான் விரட்டினார். ஆகவே எனக்கு வேறொரு மொழிபெயர்ப்பு வேலை கொடுத்தார்கள். செயலாளர் பேசும் தமிழை மாரிட்டுக்குத் தமிழில் சொல்வது.

செயலாளர் திரு. ஞானாபரணம் வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர அலுவலகம் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. ஃபேன் போடுங்க சார் என்றால் "ஆவன செய்யப்படும்" என்பார். தங்கமான மனிதர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை.

மாரிட் ஊருக்குப் போவதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதன் பெயர் பழனாத்தாள்.

பழனாத்தாளுக்குச் சர்க்கரை. காலில் முள் குத்திய புண் ஆறாமல், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் போட்டு, சமதரையில் யார் துணையும் இல்லாமல் நடந்தார். ஆனால் அவருக்கு வேண்டியது சமதரை இல்லை, டவுன் பஸ். பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் அவருக்கு வேலை. மில் வேன் அவர் ஊர்ப் பக்கம் வராது. காலை ஷிப்டுக்கு ஒரே ஒரு டவுன் பஸ்தான். "ஆடி முடியறதுக்குள்ள தன்னால வந்து சேர்ந்தாங்கன்னா எடம் இருக்குதுங்க, கூட ஆளைக் கூட்டிட்டு வரப்படாது, அப்பறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது" என்று சூப்பர்வைசர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் பழனாத்தாள் வீட்டில் அடுப்புக்கும் வேலை இல்லை.

டவுன் பஸ்ஸின் முதல் படியை வடிவமைத்தவர் ஒட்டகம் ஏறிப் பழகியவராக இருக்க வேண்டும். போதாததற்கு, பஸ் நிற்பதும் இல்லை. நிற்பதாக ஒரு பாவனை செய்யும். அதற்குள் ஏறிவிட வேண்டும். மாரிட் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதே உயரத்துக்கு ஒரு படி கட்டி, பக்கவாட்டில் கம்பியும் நட்டிருந்தார். "ஏறும்போது நல்ல கால் முதல்லங்க. எறங்கும்போது மாட்டுன கால் முதல்லங்க" என்று காலையும் மாலையும் சொல்லிக்கொடுத்தார். பழனாத்தாள் பாதி தடவை ஏறினார், பாதி தடவை மாரிட் மேல் விழுந்தார். ஆடி முடிவதற்குள் சரியாகிவிடும் என்பது மாரிட்டின் கணக்கு.

இந்த இடத்தில்தான் நிர்வாகக் குழு கூடியது.

பொருள்: மாரிட் அவர்களுக்கு வழியனுப்பு விழா எடுப்பது. விமானம் ஆடியில் என்றதும் அறக்கட்டளைத் தலைவர் வேங்கடசாமி அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். அவருக்குப் பம்ப்செட் பவுண்டரியும் கோழிப்பண்ணையும் உண்டு. ஆடியில் ஒரு போல்ட்டைக்கூடப் புதிதாக முடுக்கமாட்டார். ஆடியில் ஒருத்தரை ஊரைவிட்டு அனுப்புவது அவர்களுக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை என்றார். ஞானாபரணம் சார் கிறிஸ்தவர், அவருக்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை. இருந்தாலும் மத நல்லிணக்கத்தின் பொருட்டு ஏற்றுக்கொண்டார். தவிர, சிறப்பு விருந்தினராக வர இசைந்த இணை இயக்குநருக்கும் ஆனிதான் வசதி. அவர் எந்தத் துறைக்கு இணை இயக்குநர் என்று குழுவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் வண்டியில் அரசாங்க 'அ' போட்டிருக்கும். அது போதும்.

ஆக, ஆனி கடைசி முகூர்த்தத்தில் விழா என்று முடிவானது. போகிறவர் அப்போது போகமாட்டாரே என்று நான் கேட்டேன். "அதைப் பின்னாடி பார்த்துக்கலாமுங்க அம்மணி, நாள் அமையறதுதான் கஷ்டம்" என்றார்கள்.

விழாவுக்கு மாரிட் சேலை கட்டி வந்தார். வெள்ளைக்காரர் சேலை கட்டினால் அதை வீடியோ எடுக்காமல் விடுவது இந்நாளில் பெருங்குற்றம் என்பதால், கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு செல்ஃபியும் மீதிப் பேர் அந்தச் செல்ஃபியை வீடியோவும் எடுத்தார்கள். இணை இயக்குநர் மாரிட்டை 'ஸ்வீடன் தந்த செல்வம்' என்று மூன்று இடங்களில் குறிப்பிட்டார். மாரிட் மூன்று இடத்திலும் கைகூப்பினார்.

பிறகு மையத்தின் சாதனைக்குச் சான்றாகப் பழனாத்தாளை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மேடைப் படியின் கம்பியைப் பிடித்து நல்ல காலைத் தூக்கும் நேரத்தில், மைக்கில் ஞானாபரணம் சார் கனிவாகச் சொன்னார். "வலது காலை எடுத்து வெச்சு வாங்க அம்மா."

வலது கால்தான் செயற்கைக் கால். பழனாத்தாள் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவர். அதையே எடுத்து வைத்தார். அப்படியே சாய்ந்தார். மாரிட் பாய்ந்து போய்த் தாங்கிப் பிடித்தார். கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அது இரண்டு பெண்கள் பாசத்தோடு கட்டித் தழுவுவது போலத் தெரிந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அந்தக் கைதட்டலுக்கு நடுவே, பழனாத்தாள் பூரண குணமடைந்துவிட்டார் என்று இணை இயக்குநர் அறிவித்தார்.

விருந்து முடிந்தது. நான் இலையை மடித்தபோது விழாவும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஞானாபரணம் சார் வேனைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் சர்வீஸில் இருந்த காலம் முழுக்க, ஓய்வு பெறுகிறவரை மாலையோடு வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டால்தான் விழா பூர்த்தியானதாகக் கணக்கு. விடாமல் வந்தால் அது அவமரியாதை. மாரிட்டின் வீடு நார்வேயில், வருஷத்தில் பாதி நாள் சூரியன் எட்டிப் பார்க்காத ஓர் ஊரில் இருக்கிறது என்று நான் நினைவூட்டினேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"அத்தனை தூரம் நம்ம வேன் போகாதுங்க. ஏர்போர்ட் வரைக்கும் விட்டுட்டா வீட்ல விட்ட மாதிரிதானுங்களே?"

"சார், டிக்கெட் அடுத்த மாசத்துக்குங்க."

"உள்ள போகவேண்டியதில்லைங்க அம்மணி. வாசல் வரைக்கும்தான்."

போனோம். வேனில் மையத்துப் பணியாளர்கள், பழனாத்தாள், எங்கள் மடியில் கிடந்த மாலைகள், மாரிட் தங்கியிருந்த மையத்து விடுதியின் காப்பாளர் டெய்சி அக்காவின் பெட்டி ஒன்று. பெட்டி எதற்கு என்று கேட்டேன். காலிப் பெட்டிதான், கையில் பெட்டி இல்லாமல் போனால் ஊருக்குப் போகிற மாதிரி இருக்காது என்றார் டெய்சி அக்கா. பீளமேட்டில் விமான நிலைய வாசலில் மாரிட்டைத் தள்ளுவண்டி பக்கத்தில் நிறுத்தி, காலிப் பெட்டியை அதில் ஏற்றி, படம் எடுத்தார்கள். அதுவரை எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் யாரோ ஒருவர் விசும்பினார். அவ்வளவுதான். எல்லாரும் நிஜமாகவே அழுதார்கள். பழனாத்தாள் மாரிட்டின் கன்னத்தைத் தடவித் தடவி அழுத அழுகையில் துப்பாக்கியோடு நின்ற காவலரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதுகொண்டே வேனில் ஏறினார்கள். வேன் போய்விட்டது.

மாரிட்டும் நானும் காலிப் பெட்டியும் நின்றோம்.

"லோகு, நான் இப்ப போயிட்டனுங்களா?" என்றார் மாரிட்.

பஸ்ஸில் திரும்பினோம். சிங்காநல்லூரில் வண்டி மாறி, சூலூருக்கு. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, முன் சீட்டில் இருந்தவர் மாப்பிள்ளை எங்கே என்று என்னைக் கேட்டார். வேனில் போய்விட்டார் என்றேன்.

மறுநாள் காலை மாரிட் வழக்கம்போல மையத்துக்கு வந்தார். ஞானாபரணம் சார் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாரிட் அவர்கள் போயிட்டாங்களே அம்மணி."

"சார், முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க."

"உட்கார்ந்திருக்காங்க. நான் இல்லைங்கல. ஆனா போயிட்டாங்க."

இதை மாரிட்டுக்கு மொழிபெயர்க்க வேண்டியது என் கடமை. இரண்டு மொழியிலும் முயன்றேன். முடியவில்லை.

வழியனுப்பப்பட்டவரைப் பணி செய்ய விட்டால் வழியனுப்பியது பொய்யாகிவிடும் என்பது அவர் வாதம். இணை இயக்குநர் பங்கேற்ற நிகழ்ச்சி பொய்யாகலாமா? விடுதி அறையைக் காலி செய்துவிட்டதாக டெய்சி அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டதால், களப்பணிக்காக நான் எடுத்திருந்த வாடகை அறைக்கு மாரிட் வந்து சேர்ந்தார். மெஸ்ஸில் சாப்பாடும் நின்றது. "போனவங்களுக்குச் சோறு வெச்சா அதுக்குப் பேரே வேறங்க" என்று டெய்சி அக்கா தலையில் அடித்துக்கொண்டு, பின்கட்டு வழியாகத் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினார். விமான நிலையப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி, பூ வாடிவிடும் என்று சந்தன மாலை ஒன்றையும் போட்டார்கள். புதிதாக வந்த நோயாளியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு, பாவம் சின்ன வயசு, எப்படிங்க ஆச்சு என்று விசாரித்தார். யாரிடம்? மாரிட்டிடம்.

மாரிட் இதற்கெல்லாம் சிரித்தார். ஒன்றுக்குத்தான் சிரிக்கவில்லை. பூரண குணமடைந்த பழனாத்தாளுக்கு இனி பயிற்சி தேவையில்லை என்று, ஹாலோ பிளாக் படியை உடைத்துக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போட்டிருந்தார்கள். பழனாத்தாள் ஒரு தாம்பூலப் பையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஆடி பிறந்துவிட்டது.

நான் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அதற்கு ஞானாபரணம் சார், பாதிக்கப்பட்டவரின் சார்பில் மூன்றாம் நபர் கொடுக்கும் மனு ஏற்கத்தக்கதல்ல, பாதிக்கப்பட்டவர் தற்போதைய முகவரியிலிருந்து நேரடியாக எழுத வேண்டும் என்றார். தற்போதைய முகவரி என் அறை என்றேன். அறக்கட்டளைக்குத் தெரிந்த வரையில் தற்போதைய முகவரி நார்வே என்றார்.

சரி, புதுத் தொண்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு வழி இருந்தது. மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் வெளிநாட்டுத் தொண்டர் யாராக இருந்தாலும் முதலில் நம் பண்பாட்டு அறிமுக வகுப்பில் கலந்துகொண்டாக வேண்டும். கையால் சாப்பிடுவது, செருப்பைக் கழற்றுவது, பெரியவர்களை ஏனுங்க போட்டுக் கூப்பிடுவது எல்லாம் அதில் வரும். எப்போது வகுப்பு என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தவர் மாரிட். அவர்தான் போய்விட்டாரே.

கடைசியாக வேங்கடசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொங்கு நாட்டில் ஒருவரோடு சண்டை போடுவது எவ்வளவு கடினம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எதிராளி கடைசி வரைக்கும் மரியாதையாகவே இருப்பார். நீங்க பண்ணது அநியாயமுங்க என்றால், "ஆமாங்க" என்பார். அதற்கு மேல் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

"வாங்க அம்மணி, மொதல்ல காப்பி குடிங்க. ஞாயம் எங்கயும் போயராது" என்றார்.

குடித்தேன். அவருடைய காப்பியைக் குடித்துவிட்டு அவரோடு வாதாடுவது, கடன் வாங்கிய வாளால் அவரையே வெட்டுவது போல இருந்தது. இருந்தும் வெட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிரச்சினை என்னவென்றால் போனவரை எப்படிப் பணியில் வைப்பது என்பதுதானே, ஒரு வரவேற்பு விழா வைத்துவிட்டால் தீர்ந்தது, வந்தவர் ஆகிவிடுவார் என்றார். எனக்கு உயிர் வந்தது. நாளைக்கே வைக்கலாமா என்று கேட்டேன்.

"ஆடியில வரவேற்கப்படாதுங்களே. ஆவணில வெச்சுக்கலாமுங்க."

"ஆவணியில அவங்க இருக்கமாட்டாங்களே அண்ணா."

"இல்லாதவியள எப்படிங்க வரவேற்க முடியும்?"

"போகாதவங்கள வழியனுப்ப மட்டும் முடிஞ்சுதுங்களே?"

"அது நாளு நல்லா அமைஞ்சுபோச்சுங்க" என்றார் வேங்கடசாமி அண்ணன். வாசல் வரைக்கும் வந்து, ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்து அனுப்பினார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன செய்வது, நல்ல தேங்காய்.

என் அறையில் மாரிட் தரையில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டே சொன்னார். "லோகு, நான் போயிட்டேன், சரிங்க. போனவங்களுக்கு ரூல் கிடையாதுங்களே? சூலூர் பஸ் ஸ்டாண்டுல பஸ் சும்மா நிக்குமில்லீங்க?"

அந்த யோசனை இத்தனை மனுக்கள் எழுதிய எனக்கு ஏன் வரவில்லை என்பதை இன்றுவரை நான் ஆராயவில்லை.

சூலூர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஒன்று டிரைவர் டீ குடிக்கும் நேரத்துக்கு நிற்கும். பழனாத்தாளை வீட்டிலிருந்து ஆட்டோவில் அங்கே கூட்டி வந்தோம். டிரைவர் அப்துல் வஹீது அண்ணன் கேட்ட உடனே சம்மதித்தார். "ஏறுங்கக்கா, எறங்குங்கக்கா. நமக்கு டீ ஆறோணும், உங்களுக்குக் காலு ஆறோணும்" என்று இன்ஜினைக்கூட ஓட விட்டார், அந்த அதிர்வும் பழகட்டும் என்று. கண்டக்டர்தான் தகராறு செய்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆனால் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் இலவச டிக்கெட் கிழித்தாக வேண்டும். பழனாத்தாள் ஏறும்போதெல்லாம் அவர் ஒரு டிக்கெட் கிழித்தார். ஏறி இறங்கி ஏறி இறங்கி, பழனாத்தாளின் இடுப்புச் சுருக்குப்பை டிக்கெட்டால் நிறைந்தது. அந்த வாரம் சூலூரில் மகளிர் பயணம் திடீரென்று பெருகியதற்காகக் கண்டக்டரை மேலதிகாரி பாராட்டினாராம். பெண் விடுதலைக்கு எங்களால் ஆனது.

பஸ் ஸ்டாண்டில் இன்னொன்றும் இருந்தது. மையத்தின் ஃபிளெக்ஸ் பேனர். மேலே இணை இயக்குநர், வேங்கடசாமி அண்ணன், ஞானாபரணம் சார். ஓரத்தில், மாரிட்டும் பழனாத்தாளும் தழுவிக்கொள்ளும் காட்சி. 'எழுந்தார்! நடந்தார்! பூரண குணம்!' அதற்கு நேர்கீழே பழனாத்தாள் பஸ் படியில் தடுமாறிக்கொண்டிருந்தார். ஜனங்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். செய்தி மையத்துக்குப் போய்விட்டது. ஞானாபரணம் சார் ஸ்கூட்டரில் வந்தார்.

அன்றும் அவர் கோபப்படவில்லை. எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு கவலையோடு என்னிடம் சொன்னார்: பயிற்சியை அவர் தடுக்கவில்லை. பழனாத்தாள் அம்மா குணமானவர். குணமானவர் இப்படிப் பொது இடத்தில் தடுமாறினால் பார்க்கிறவர்கள் குணத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பல்லடத்திலும் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, அங்கே பேனர் இல்லை, அங்கே போய்த் தடுமாறலாமே. ஆட்டோ செலவை மையமே ஏற்கும்.

நான் வாயைத் திறந்தேன். மாரிட் என் கையைப் பிடித்தார். பழனாத்தாள் படியில் நின்றபடியே பேசினார்.

"சார், ஒண்ணு பண்ணுங்க. அங்க மேல இருக்கறாளே, அவ குணமானவ. அவள மில்லுக்கு அனுப்பிச்சுப் போடுங்க. நான் பாட்டுக்கு இங்க ஏறிட்டுக் கெடக்கறேன்."

அப்துல் வஹீது அண்ணனுக்குப் புரையேறி, டீ சட்டையில் கொட்டியது. ஞானாபரணம் சார் பேனரைப் பார்த்தார். ஒரு கணம் அவரும் அதைப் பரிசீலிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பேனரைக் கழற்றிச் சாலைக்கு எதிர்ப்பக்கம் கட்டியிருந்தார்கள். ஆவன செய்துவிட்டார்.

ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. மாரிட் தன் கைகளை மெல்ல மெல்ல விலக்கினார். முதலில் முழங்கையைத் தாங்கியவர், பிறகு விரலை மட்டும் கொடுத்தார், பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டிய கைகள் அவருக்குப் பின்னால் இறுகி வெளுப்பதை நான் மட்டும்தான் பார்த்தேன். சூப்பர்வைசர் வைத்த கெடுவுக்கு முன்பே ஒரு காலையில் பழனாத்தாள் தன் ஊர் பஸ் நிறுத்தத்தில், நிற்பதாகப் பாவனை செய்த பஸ்ஸில், நல்ல காலை முன்வைத்து, கம்பியைப் பிடித்து, யார் துணையும் இல்லாமல் ஏறிப் போனார். மாலையில் ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு இறங்கி வந்தார். மாட்டின கால் முதலில்.

மையத்தின் ஆண்டறிக்கையில் அது வரும். யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று எப்படிப் போடுவீர்கள் என ஞானாபரணம் சாரைக் கேட்டேன். பயிற்சி அளிக்கப்பட்டது என்று போட்டால் போதும், யார் என்று போடவேண்டியதில்லை என்றார்.

பிறகு மாரிட் போகும் நாள் வந்தது. நிஜமாகப் போகும் நாள். பெட்டியும் நிஜமான பெட்டி, கனமாக இருந்தது. தனியாகப் போய் ஏர்போர்ட்டில் இறங்கினால் ஒரு மாதிரியாக இருக்கும், கை காட்ட ஓரிரு பேர் இருந்தால் போதும் என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அதனால் நான் மையத்தில் வேன் கேட்டேன். மறுபடியும் வழியனுப்பினால், முதல் தடவை அனுப்பியது சரியில்லை என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்றார்கள். டெய்சி அக்கா பின்கட்டு வழியாகத் தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தார், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. வேங்கடசாமி அண்ணன் போனில், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேனே என்றார்.

நான் கொதித்துப் போய் மாரிட்டிடம் சொன்னேன், இந்த அலுவலகங்களை விடுங்கள், இவர்களுக்கு மனிதர்களைவிட விழாதான் பெரிது, ஆனால் பழனாத்தாள் அக்கா ஓர் அலுவலகம் இல்லை, அவர் வருவார். காலையிலேயே மாரிட்டையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு அவர் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பழனாத்தாள் டிபன் கேரியரோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். பேசுவதற்குள் பஸ் வந்துவிட்டது. நல்ல கால் மேலே, மாட்டின கால் பின்னால், கேரியர் ஒரு கையில். கம்பியைக்கூட ஒரு கையால்தான் பிடித்தார். மாரிட் தன்னை மறந்து கைதட்டினார்.

நான் ஜன்னலோரமாக ஓடினேன். "அக்கா, மாரிட் இன்னைக்கு ஊருக்குப் போறாங்க. ஒரே ஒரு நாள் லீவு போட்டுட்டு, வழியனுப்ப வரக்கூடாதுங்களா?"

பழனாத்தாள் என்னைப் பார்த்தார். ரோட்டோரம் பெட்டியோடு நின்ற மாரிட்டைப் பார்த்தார். வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, மரியாதையாகவே சொன்னார்.

"அவியளத்தான் ஆனியிலயே அனுப்பிவெச்சுப் போட்டமுங்களே கண்ணு. வேணுங்கற மட்டும் அன்னிக்கே அழுதும் போட்டேன். மறுக்கா அழுவோணும்னா சம்பளத்துல புடிச்சுக்குவாங்க."